'மியூசிக் மட்டும் போட்டுக் குடு மாப்ள!' - குறும்பட இசை எப்படி உருவாகிறது? குலசையிலிருந்து ஒரு பார்வை

தசராவுக்குக் கொடியேறிவிட்டால் குலசேகரன்பட்டினத்தில் மேளத்துக்குப் பஞ்சமே இருக்காது. திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கும் இந்தக் கடலோர ஊரில், முத்தாரம்மன் கோயில் தசரா பத்து நாள் நடக்கும். காளி, குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரர் என நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகத் தர்மம் எடுத்து, சேர்ந்த காசைக் கோயில் உண்டியலில் போடுவார்கள். ஊருக்கு ஊர் தசரா குழு. குழுவுக்குக் குழு தவில், நாதஸ்வரம், பம்பை, தப்பு. சில குழுக்கள் கேரளத்துச் செண்டைமேளத்தைக்கூட வரவழைக்கும்.

கடந்த சில ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தில் இன்னொரு குழுவையும் பார்க்க முடிகிறது. கையில் கேமரா, மைக்கின் மேல் ரோமத் தொப்பி, தோளில் ஒரு பை. குறும்படம் எடுக்கிறவர்கள். செல்போனில் எடுப்பவர்களும் உண்டு. இவர்களுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. காளி வேஷம் கட்ட 41 நாள் விரதம் இருப்பவர் ஒரு கதை. 1942-ல் உப்பளத்தில் ஆங்கிலேய அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கு இன்னொரு கதை. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய பிறகு ஊர் மாறிக்கொண்டிருப்பது மூன்றாவது கதை.

படம் எடுத்தாகிவிட்டது, எடிட்டிங்கும் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் அந்த போன் போகும்: "மாப்ள, படம் முடிஞ்சிட்டு. மியூசிக் மட்டும் போட்டுக் குடு. ரெண்டு நாளுதான் இருக்கு, ஃபெஸ்டிவலுக்கு அனுப்பணும்."

இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

நட்பில் தொடங்கி தியேட்டர் வரை

முதலில் ஒரு விஷயம். குறும்படத்துக்கு இசையமைப்பது சின்ன வேலை என்று யாராவது நினைத்தால், தமிழ் சினிமாவின் கடந்த 15 ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வழியாக வந்தவர்கள் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், எஸ்.யு.அருண்குமார் போன்றவர்கள். வாரம் ஒரு படம், குறைந்த நாள், குறைந்த காசு என்ற கட்டாயத்தில் எடுத்துப் பழகியவர்கள். அந்தப் படங்களில் நடித்தவர், கேமரா பிடித்தவர், எடிட் செய்தவர் எல்லாம் பிறகு தனித்தனியாகப் பேசப்பட்டார்கள். இசையமைத்தவர்கள் மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் அவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

மதுரைக்காரரான ஜஸ்டின் பிரபாகரன் நல்ல உதாரணம். குறும்படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவர், அருண்குமாரின் குறும்படம் 'பண்ணையாரும் பத்மினியும்' முழு நீளப் படமாக 2014 பிப்ரவரியில் வெளியானபோது, அதன் வழியாகவே சினிமாவுக்குள் வந்தார். ஒரு பழைய பத்மினி கார், அதை வைத்துக்கொண்டிருக்கும் வயதான தம்பதி என்று மெதுவாக நகரும் படம் அது. இசை அவசரப்பட்டிருந்தால் படம் கெட்டுப்போயிருக்கும். அவசரப்படவில்லை. பிறகு 'ஒரு நாள் கூத்து' (2016), தெலுங்கில் 'டியர் காம்ரேட்' (2019) என்று அவர் போன தூரம் எல்லோருக்கும் தெரியும்.

அல்போன்ஸ் புத்திரன், ராஜேஷ் முருகேசன் கூட்டணியும் அப்படித்தான். அல்போன்ஸ் முதலில் குறும்படமாக எடுத்த 'நேரம்', 2013-ல் தமிழிலும் மலையாளத்திலும் முழுப்படமாக வந்தபோது இசை ராஜேஷ். அடுத்து 'பிரேமம்' (2015), 'கோல்ட்' (2022) எல்லாவற்றுக்கும் அவரே. கார்த்திக் சுப்புராஜின் முதல் படம் 'பீட்சா' (2012), நலனின் முதல் படம் 'சூது கவ்வும்' (2013) இரண்டுக்கும் இசை சந்தோஷ் நாராயணன். அவருக்கும் அது தொடக்க காலம்தான், 'அட்டகத்தி' வெளியான ஆண்டு அது. புது இயக்குநரும் புது இசையமைப்பாளரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' யூடியூபில் பெரிதாகப் பேசப்பட்ட குறும்படம். 2012-ல் முழுப்படமானபோது, அதற்குள் தெலுங்கில் நன்றாகப் பெயரெடுத்திருந்த எஸ்.தமன் இசையமைத்தார். அதில் தவறொன்றும் இல்லை. தயாரிப்பாளர் என்று ஒருவர் வந்துவிட்டால் ஆடியோ வியாபாரம், சந்தை மதிப்பு எல்லாம் கூடவே வரும். குறும்பட இசையமைப்பாளர்கள் இதைத் தெரிந்துகொண்டே வேலை செய்ய வேண்டும். "படம் பெருசா வந்தா நீதாம்ல மியூசிக்" என்ற வாக்குறுதி அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதைக் காப்பாற்றும் அதிகாரம் அதைச் சொன்னவர் கையில் இருக்காது.

எங்கே இசை, எங்கே வேண்டாம்?

சரி, வேலைக்கு வருவோம். குறும்பட இசையில் முதல் வேலை இசையமைப்பது இல்லை. இயக்குநரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து, படத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, எந்த இடத்தில் இசை தொடங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று நேரத்தோடு குறித்துக்கொள்வது. ஹாலிவுட்டில் இதை ஸ்பாட்டிங் என்பார்கள். கோடம்பாக்கத்தில் 'ரீல் பார்க்கிறது' என்று சொன்ன காலம் உண்டு.

குலசையில் எடுத்த படம் ஒன்றைக் கற்பனை செய்வோம். 14 நிமிடம். காளி வேஷம் கட்டும் மீனவர். விரதம், மாலை, காப்புக் கட்டு, தர்மம் எடுத்தல், கடைசியில் விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். மறுநாள் காலை அவர் முகத்துச் சாயத்தைக் கடல் தண்ணீரில் கழுவுகிறார். படம் முடிகிறது.

புதிதாக இசையமைக்க வருபவருக்குக் கை துறுதுறுக்கும் இடம் சூரசம்ஹாரம்தான். பெரிய டிரம்ஸ், கோரஸ், 'ஓம் காளி, ஜெய் காளி' முழக்கத்துக்கு மேல் இன்னொரு முழக்கம். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே லட்சக்கணக்கான மக்களின் சத்தம், நூறு குழுக்களின் மேளம் இருக்கிறது. அதற்கு மேல் கணினியில் செய்த டிரம்ஸைக் கொட்டினால் இரண்டும் கெடும். நேரில் பதிவான மேளமும் கேட்காது, இசையமைத்த மேளமும் கேட்காது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அந்தக் காட்சியில் இசையமைப்பாளர் ஒதுங்கி நிற்பதுதான் நல்லது. அவருக்கு வேலை இருப்பது மறுநாள் காலையில். ஊர் காலியாகிவிட்டது, சாயம் கலைகிறது, 41 நாள் சாமியாக இருந்தவர் திரும்பவும் மீனவராகிறார். அதை வசனத்தில் சொன்னால் அபத்தமாக இருக்கும். இசையில் சொல்லலாம்.

சொல்லாமலும் விடலாம். கடல் சத்தம் மட்டும் போதும் என்று இயக்குநர் முடிவெடுத்தால், "அந்த இடத்துக்கு நான் மெட்டுப் போட்டு வச்சிருந்தேனே" என்று வருத்தப்படாமல் ஏற்றுக்கொள்கிறவர்தான் அடுத்த படத்துக்கும் அழைக்கப்படுவார். பத்து நிமிடப் படத்தில் பத்து நிமிடமும் இசை ஓடுவதுதான் நம்ம ஊர் குறும்படங்களின் பெரிய வியாதி. சரியாக வராத நடிப்பையும் சரியாகப் பதிவாகாத வசனத்தையும் மறைக்க இசையைப் போர்வையாகப் போர்த்துகிறார்கள். பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது.

'ராஜா சார் மாதிரி வேணும்'

எடிட்டிங் செய்யும்போது இயக்குநர்கள் ஏதாவது ஒரு படத்தின் பின்னணி இசையைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பார்கள். டெம்ப் ட்ராக் என்று பெயர். வெட்டுவதற்கு வசதி. ஆனால் அதையே முப்பது நாற்பது முறை கேட்டுக் கேட்டு, இயக்குநருக்கு அந்த இசைமேல் காதல் வந்துவிடும். பிறகு நண்பர் என்ன போட்டாலும் பிடிக்காது.

இது குலசைக்கோ சென்னைக்கோ மட்டும் உரிய நோய் அல்ல. ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்ற பெரிய இசையமைப்பாளரை அழைத்து இசையமைக்க வைத்தார். ஆனால் எடிட்டிங்கில் தற்காலிகமாகப் போட்டிருந்த மேற்கத்திய சாஸ்திரிய இசையையே கடைசியில் வைத்துக்கொண்டார். 1968-ல் படம் வெளியானபோது நார்த் தன் இசை அதில் இல்லை என்பதைப் படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உலகத்தின் மிகப் பெரிய இயக்குநருக்கே இந்த மயக்கம் என்றால், முதல் படம் எடுப்பவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு வழி உண்டா? இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, படப்பிடிப்புக்கு முன்பே இசையமைப்பாளரிடம் கதையைச் சொல்லி, ஒன்றிரண்டு மெட்டுகளை வாங்கி, அதையே டெம்ப் ட்ராக்காக வைத்து வெட்டுவது. படம் அந்த மெட்டின் நடைக்கு வெட்டப்படும், மெட்டும் படத்தோடு வளரும். இன்னொன்று, 'அந்தப் படம் மாதிரி' என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தக் காட்சியில் பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று பேசுவது. "இவன் பயப்படுதான், ஆனா வெளிய காட்டிக்க மாட்டான்" என்று இயக்குநர் சொன்னால் போதும். எந்த ராகம், எந்த வாத்தியம் என்பது இசையமைப்பாளர் பாடு. இயக்குநருக்கு சங்கீதம் தெரியாமல் இருப்பது ஒரு குறையே இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவதுதான் நேரத்தைத் தின்னும்.

ஏற்கெனவே இருக்கும் இசையை எடுத்து வைப்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தின் பின்னணியில் ஒலிப்பது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம்தான். படத்துக்காக அமைத்தது போலவே இருக்கும். தேர்ந்தெடுக்கத் தெரிந்த கை அது.

கடல் சத்தம் என்னும் சக வாத்தியம்

கடலோர ஊரில் படம் எடுப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அலைச் சத்தம் ஒரே சுருதியில் இருப்பதில்லை. தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மிக உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாம் கலந்த இரைச்சல் அது. மெல்லிய புல்லாங்குழல், மென்மையான வயலின் கூட்டம் போன்றவற்றை அது அப்படியே விழுங்கிவிடும். ஸ்டுடியோவில் ஹெட்போனில் கேட்கும்போது அழகாக இருந்தது, படத்தோடு சேர்த்தால் காணாமல் போவது இதனால்தான்.

அலைக்கு மேல் தெரிவது, தொடக்கத்திலேயே சட்டென்று வெட்டி எழும் ஒலிகள். உடுக்கையின் அடி, மீட்டிய தந்தி, கட்டையும் தாளமும். இந்த இடத்தில் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வில்லுப்பாட்டின் வாத்தியங்களே அப்படிப்பட்டவைதான். மணி கட்டிய வில், அதை அடிக்கும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை. கோயில் கொடையில், திறந்த வெளியில், ஆயிரம் பேச்சுக்கு நடுவே கேட்க வேண்டும் என்பதற்காக உருவான ஒலிகள் இவை. கணியான் கூத்தின் மகுடமும் அப்படித்தான். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள், ஒன்று உயர்ந்த ஒலி, மற்றது தாழ்ந்த ஒலி. இரண்டும் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். குறும்பட இசையமைப்பாளர் ஒருவர் இரண்டு மகுடத்தை மட்டும் வைத்து ஒரு காட்சியைத் தாங்கிவிட முடியும்.

தோல் வாத்தியத்தில் இன்னொரு விஷயம். தப்பு அடிப்பவர்கள் இடையிடையே வைக்கோலைக் கொளுத்தி வாத்தியத்தைச் சூடுகாட்டுவதைப் பார்த்திருப்போம். தோல் இறுகினால் ஒலி கூர்மையாகும். கடற்கரை ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் தளரும், ஒலி இறங்கும். மாலை ஆறு மணிக்குப் பதிவு செய்த அடியும் இரவு பன்னிரண்டு மணிக்குப் பதிவு செய்த அடியும் ஒரே சுருதியில் இருக்காது. இரண்டையும் ஒரே காட்சியில் ஒட்டினால், ஏதோ இடிக்கிறது என்று மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றும், காரணம் புரியாது. அதனால் படப்பிடிப்பின்போதே, கேமரா ஓடாத நேரத்தில், ஒரே மேளக்காரர்களிடம் கேட்டு ஐந்து நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஊரின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எடிட்டர் கையெடுத்துக் கும்பிடுவார்.

கொஞ்சம் கணக்கு

இசை படத்தோடு பொருந்துவது பாதி உணர்வு, பாதி கணக்கு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் இசை போனால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். 90 தட்டு என்றால் 16 ஃபிரேம். எடிட்டர் ஒரு ஷாட்டை 48 ஃபிரேமில் வெட்டியிருந்தால், 90 வேகத்தில் அது சரியாக மூன்று தட்டு. இந்தக் கணக்கு தெரிந்தால் காட்சி மாறும் இடத்தில் தாளம் தானாக விழும். எல்லா வெட்டுக்கும் தாளம் விழுந்தால் விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

கேமராவில் 24-ல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் 25-ஆக ஓட்டினால், 14 நிமிடப் படம் சுமார் 34 விநாடி முன்னதாகவே முடிந்துவிடும். 24-க்குப் போட்ட இசை அங்கே பல்லிளிக்கும். அதனால் இயக்குநரிடம் வாங்க வேண்டிய முதல் பதில் இரண்டு. எத்தனை ஃபிரேம்? எடிட் பூட்டியாச்சா? "ஃபைனல் எடிட்தான்" என்று அனுப்பிவிட்டு, மறுநாள் ஏழு விநாடியைக் குறைத்துவிட்டு "சின்ன மாற்றம்தான்" என்று சொல்லும் பழக்கத்தால் முறிந்த நட்புகள் நிறைய.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ, க்யூபேஸ், லாஜிக் எதுவும் போதும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஒலிக்கலவைக்கு இடம் இருக்கிறது. இசையை 48 கிலோஹெர்ட்ஸில், வேவ் ஃபைலாக, மேளம் தனி, தந்தி தனி, குரல் தனி என்று பிரித்துக் கொடுப்பதுதான் முறை. அப்போதுதான் வசனம் வரும் இடத்தில் மேளத்தை மட்டும் குறைக்க முடியும்.

காசு, கையெழுத்து, காப்புரிமை

நம் ஆட்கள் பேசத் தயங்கும் இடம் இது. நண்பர்களுக்குள் என்ன எழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். படம் ஓடாவிட்டால் பிரச்சினையில்லை. ஓடிவிட்டால்தான் பிரச்சினை.

ஒரு பாட்டிலோ பின்னணி இசையிலோ இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டின் உரிமை ஒன்று, அது இசையமைத்தவருடையது. பதிவான ஒலியின் உரிமை இன்னொன்று, அது பதிவுக்குப் பொறுப்பேற்றுக் காசு போட்ட தயாரிப்பாளருடையது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் இசையமைப்பாளர்களுக்கு முக்கியமானது. படத்தில் இடம்பெற்ற இசை, தியேட்டரில் படத்தோடு காட்டப்படுவதைத் தவிர வேறு வகையில் பயன்படுத்தப்பட்டால், அதற்கான ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. 'எல்லா உரிமையும் எனக்கே' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்வார்த்தை செல்லாது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பட விழாவுக்கு அனுப்ப நினைக்கும் குலசை இயக்குநருக்கு இது நேரடியான விஷயம். ஒரு பக்கக் காகிதம் போதும்: யார் இசை, எந்தப் படம், எங்கெல்லாம் காட்டலாம், எவ்வளவு காலம், காசு எவ்வளவு அல்லது காசில்லை, பின்னால் முழுப்படமானால் அதே மெட்டைப் பயன்படுத்துவதற்கு என்ன ஏற்பாடு. கடைசி வரியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

பிரபல சினிமாப் பாட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாமா? பின்னணியில் டீக்கடை ரேடியோவில் ஓடுவதுபோல் வைத்தாலும் அனுமதி வேண்டும். யூடியூபில் ஏற்றிய சில நிமிடத்திலேயே அதன் தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்துவிடும். வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது படமே முடக்கப்படும். பெரிய படங்களுக்கே இது தலைவலிதான். 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாடலைப் பயன்படுத்தியதற்காக 2024-ல் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது நினைவிருக்கும். தசரா காட்சியில் ஒரு குழுவின் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நல்ல ஷாட், இதனாலேயே பயன்படாமல் போகலாம்.

"ஏஐ-ல போட்டுக்கிடலாமே?" என்ற கேள்வி இப்போது வருகிறது. சுனோ, யூடியோ போன்ற செயலிகளில் இரண்டு வரி எழுதினால் இசை வந்துவிடும். ஆனால் இந்த இரண்டு நிறுவனங்கள் மீதும் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. காளி வேஷம் கட்டியவர் முகம் கழுவும் காட்சிக்கு எந்த இடத்தில் இசை வேண்டாம் என்று அந்தச் செயலி சொல்லாது.

மேளக்காரர் பெயர் எங்கே?

மேலே சொன்ன மகுடமும் தப்பும் தானாக ஒலிப்பதில்லை. அடித்தவர் ஒருவர் இருக்கிறார். 'லோக்கல் ஃபீல் வேணும்' என்று ஒரு தப்புக் கலைஞரை அழைத்து, அரை மணி நேரம் வாசிக்க வைத்து, டீயும் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த அடியை வெட்டி ஒட்டி மூன்று படத்துக்குப் பயன்படுத்துவது நடக்கிறது. படத்தின் கடைசியில் இசை என்று ஒரு பெயர் வரும். வாசித்தவர் பெயர் வராது.

இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. நமது காப்புரிமைச் சட்டம் வாசிப்பவரையும் நிகழ்த்துபவரையும் உரிமையுள்ள கலைஞராகவே பார்க்கிறது. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்கு அனுமதி தருவது அவர் உரிமை. 50 ஆண்டு நீடிக்கும் உரிமை அது. படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு அந்தப் படத்தைத் தடுக்க அவரால் முடியாது. ஆனால் வணிகப் பயன்பாட்டில் ராயல்டிக்கு அவருக்கு உரிமை உண்டு. தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் உண்டு. மெட்டு பொதுச் சொத்தாக இருக்கலாம். பரம்பரையாக வரும் அடியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அன்றைக்கு, அந்தக் கையால் விழுந்த அடி அவருடையது.

தசரா சமயத்தில் ஒரு மேளக் குழு பத்து நாளும் ஊர் ஊராக வாசிக்கும். வருடத்தில் அவர்களுக்கு வருமானம் வரும் நாட்கள் அவை. அதில் அரை நாளைக் குறும்படப் பதிவுக்குக் கேட்டால், அந்த அரை நாள் கூலியைக் கணக்கிட்டுக் கொடுப்பதுதான் நியாயம். தயாரிப்புச் செலவில் கேமரா வாடகைக்கு ஒரு வரி இருக்கும்போது மேளத்துக்கும் ஒரு வரி எழுதலாம்.

விருது கிடைக்குமா?

கிடைக்கும். தேசியத் திரைப்பட விருதுகளில் முழு நீளப் படம் அல்லாத பிரிவிலும் இசைக்குத் தனி விருது இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அறிவித்த 69-வது தேசிய விருதுகளில், 'கருவறை' என்ற தமிழ்க் குறும்படத்துக்கு இசையமைத்த ஸ்ரீகாந்த் தேவாவுக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. நூறு படங்களை நெருங்கிய, குத்துப் பாட்டுக்குப் பெயர்போன ஒரு இசையமைப்பாளருக்கு முதல் தேசிய அங்கீகாரம் ஒரு குறும்படத்தின் வழியாக வந்தது யோசிக்க வேண்டிய செய்தி. அடுத்த ஆண்டு இந்தப் பிரிவில் இசை விருதை வாங்கியவர் விஷால் பரத்வாஜ். ஐபோனில் எடுத்த 'ஃபுர்சத்' என்ற அரை மணி நேரப் படத்துக்காக.

ஆனால் குலசையில் எடுத்த படத்தை முதலில் பார்க்கப்போவது விருதுக்குழு அல்ல. வாட்ஸ்அப்பில் லிங்க் வந்ததும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கும் ஊர்க்காரர்கள். போனின் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகக் கொடுக்க முடியாது. ஸ்டுடியோவில் நெஞ்சை அதிரவைத்த தவிலின் தொப்பிப் பக்கமும் மந்த மகுடமும் அங்கே காணாமல் போய்விடும், வலந்தலையின் 'டக்' மட்டும் கேட்கும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண போனில், தெருவில் நின்று கேட்டுப் பார்ப்பது இசையமைப்பாளரின் கடைசி வேலை. மேளம் கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்டிப் பயனில்லை. அதே அடிக்கு மேல் கொஞ்சம் தாளமோ கட்டையோ சேர்த்து, திரும்பக் கலந்து அனுப்ப வேண்டியதுதான். எடிட்டருக்கு இன்னொரு இரவு தூக்கம் போகும்.